நாக்கில் வைத்துப் பார்த்த மருந்து

காலை ஒன்பதே கால் மணிக்கு நர்ஸ் அம்மா மருந்துக் குப்பியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் விரல் நகத்தளவுதான் மிச்சம் இருந்தது. "பத்து மணி ஊசிக்கு இது வரும். ரெண்டு மணி ஊசிக்கு மருந்து இல்ல" என்றார்.

வேலூரில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. ஐம்பதுகளின் தொடக்கம். கட்டிலில் படுத்திருந்தவள் என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

எங்களுக்கு ஊர் ஆம்பூர். அங்கே ஒரு டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளுக்கு நான் பொறுப்பு. ஆவாரம்பட்டை ஊறின தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதை அளக்கக் கண்ணாடிக் கருவி ஒன்று ஆபீசில் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். விரலை முக்கி நாக்கில் வைத்துத் துவர்ப்பு பார்த்தால்தான் திருப்தி. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த ஒரே வருஷத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. டேனரிக்குச் சரக்கு வாங்கத் தோல் மண்டிக்கும் நான்தான் போவேன். அங்கே யாரையும் நம்பக் கூடாது. எடை ஏறுவதற்காக உப்போடு மணலைக் கலந்து தேய்த்துக் கொண்டுவருவார்கள். கட்டின் மேலே நல்ல தோல், நடுவில் ஓட்டைத் தோல். முகம் பார்த்துச் சிரிப்பவன்தான் அதிகம் ஏமாற்றுவான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் மனைவி கேலி செய்வாள்.

மகளுக்கு வந்த நோய்க்கும் ஒரு விதத்தில் நான்தான் காரணம். பள்ளிக்கூட விழாவுக்குச் சின்னதாக ஒரு கொட்டு செய்து தரச் சொன்னாள். பதனிடாத ஆட்டுத்தோல்தான் நன்றாக ஒலிக்கும் என்று மண்டியில் வந்திறங்கிய காய்ந்த தோல்களில் ஒரு துண்டை நானே பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அதைத் தாவணி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தெருவெல்லாம் சுற்றினாள். பிறகு தோளில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு. மறுநாள் கொப்புளம். அதற்கடுத்த நாள் கொப்புளத்தின் நடு கரி போலக் கறுத்துவிட்டது. வலிக்கவில்லை என்றாள். வலி இல்லாததால் நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோள் வீங்கிக் காய்ச்சல் கொதித்த பிறகுதான் பஸ் ஏற்றி வேலூருக்குக் கொண்டுவந்தோம்.

டாக்டர் புண்ணைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்க தோல் வேலையா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான் இது, செத்த பிராணியின் தோலில் ஒட்டியிருந்து மனிதர்களுக்கும் வரும் என்று சொன்னார். பெனிசிலின் ஊசி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். நடுவில் விட்டுவிடக் கூடாது. வீக்கம் கழுத்துக்கு ஏறினால் மூச்சை அடைத்துவிடும். இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்தச் சமயம் பெனிசிலினுக்குக் கடும் தட்டுப்பாடு. மெட்ராஸிலிருந்து பார்சல் வந்தால்தான் உண்டு. மூன்று நாளாகப் பார்சலும் வரவில்லை.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பஜாரில் ஒவ்வொரு மருந்துக் கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒரே பதிலாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பேசி வைத்துக்கொண்டு பதுக்குகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது கடைக்காரர் கையை விரித்தபோது நான் எக்கி அவர் தோளுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன்.

"இன்னா சார், உள்ள வந்து பாக்கறீங்களா?" என்றார் அவர்.

அவர் கோபத்தில் சொன்னது. நான் நிஜமாகவே கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். அலமாரியில் இருமல் மருந்தும் கிரைப் வாட்டரும்தான் இருந்தன. "திருப்தியா? மேல பரண் கூட இருக்குது, ஏணி போடட்டுமா?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்த பிறகும், சரக்கை வீட்டில் வைத்திருப்பான் என்றுதான் என் மனம் சொன்னது.

பதினொன்றரை மணிக்கு வெறும் கையோடு வார்டுக்குத் திரும்பினேன். கட்டில் பக்கத்தில் லுங்கிக்காரர் நின்று என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். குடியாத்தத்து நெசவுக்காரர். தோளில் லுங்கி, துண்டு மூட்டையோடு தினமும் வார்டு வார்டாக வருவார். ஆனால் அவர் லுங்கி விற்று நான் பார்த்ததே இல்லை. கட்டில் கட்டிலாகப் போய்க் குனிந்து ஏதோ கேட்பார். சிலர் தலையாட்டுவார்கள். சிலர் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக் கொடுப்பார்கள். அது மூட்டைக்குள் போய்விடும். காலி மருந்துக் குப்பிகளையும் ஒன்று விடாமல் பொறுக்கிக்கொள்வார். நாங்கள் வந்த அன்றைக்கே என் மனைவியிடம், "அளவுக்கு ஜாஸ்தியா பெனிசிலின் ஏதாவது வாங்கி வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆம்பூரிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. காலிக் குப்பிகளை வாங்கிச் சோடா உப்பையோ சுண்ணாம்பையோ நிரப்பி மூடியை மறுபடி அமுக்கி விற்கிறார்களாம். அப்படி ஊசி போட்டவர்கள் பிழைக்கவில்லையாம். லுங்கிக்காரரை அன்றிலிருந்து கண் எடுக்காமல் கவனித்தேன். அவர் மூட்டையை எங்கே வைக்கிறார், யாரோடு பேசுகிறார், எந்த வாசல் வழியாகப் போகிறார் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி.

"சார், கொழந்தைக்கு ரெண்டு மணிக்கு மருந்து இல்லையாமே" என்றார் என்னைப் பார்த்து. "சத்துவாச்சாரி பக்கம் ஒரு வூட்ல ஒண்ணு இருக்குது. அவங்க ஆளு குணமாயி போய்ட்டாரு. நான் போய் வாங்கியாரேன்."

"எவ்வளவு?" என்றேன்.

"ஒண்ணு சார்."

"விலை எவ்வளவுன்னு கேட்டேன்."

"அதெல்லாம் பொறவு அவங்களாண்ட பேசிக்கலாம் சார், மொதல்ல மருந்து வரட்டும்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

விலை சொல்லாத வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மனைவி, "நல்ல மனுஷனா தெரியறாருங்க" என்றாள். "உனக்கு யார்தான் கெட்டவங்களா தெரிஞ்சாங்க?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மகள் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீக்கம் தோளிலிருந்து கழுத்தின் அடிவரைக்கும் வந்திருந்தது. தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினாள்.

ஒன்றேகால் மணிக்கு லுங்கிக்காரர் வந்தார். வார்டுக்குள் வராமல் வராந்தாவிலிருந்தே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஈரத் துண்டு ஒன்றைக் கைமேல் போட்டிருந்தார். "கையை உள்ள வுடுங்க" என்றார்.

எங்கள் மண்டியில் விலை பேசுவது இப்படித்தான். வாயால் பேச மாட்டோம். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடியில் விரலைப் பிடித்துக் காட்டினால் அதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. நானும் கையை விட்டேன். பழக்க தோஷத்தில் அவர் விரல்களைப் பிடித்துத் தடவினேன். எத்தனை விரல் காட்டப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"இன்னா சார் என் வெரல புடிச்சிக்கினு நிக்கறீங்க? மருந்தப் புடிங்க" என்றார் அவர்.

குப்பி சில்லென்று என் உள்ளங்கையில் இருந்தது. வெயிலில் சூடு ஏறாமல் இருக்க ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். மற்ற கட்டில்காரர்கள் பார்த்தால் எங்களுக்கு எங்களுக்கு என்று வருவார்கள், அவர்களுக்கும் கொடுக்க மருந்து இல்லை, பார்க்கவே மனசு கஷ்டமாயிருக்கும், அதனால்தான் மறைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். "மூடி, சீலு எல்லாம் சரியா இருக்குதான்னு நீங்களே ஒருவாட்டி பாத்துட்டு சிஸ்டராண்ட குடுங்க. அதான் இங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

நான் பார்த்தேன். ரப்பர் மூடியின் மேல் அலுமினியத் தகடு ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. ஈரத்தில் லேபிள் ஊறி எழுத்து கரைந்திருந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. சோடா உப்பும் வெள்ளைதான், சுண்ணாம்பும் வெள்ளைதான். மூன்று நாளாக அவர் பொறுக்கிப்போன காலிக் குப்பிகள் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என் மகள் உடம்பில் சுண்ணாம்பு ஏறும். ஒரு நாள் முழுக்க ஏறும். ஒரு குப்பியைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு நாளைக்கு வரும் என்று நர்ஸ் அம்மா சொல்லியிருந்தார்.

டாக்டரிடம் காட்டலாம் என்று தோன்றியது. டாக்டருக்கும் இவனுக்கும் பங்கு இருந்தால்? நர்ஸிடம் கேட்கலாம். இவனை வார்டுக்குள் விட்டதே அந்த அம்மாதானே?

இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பேன். அதை எடுத்தேன். வராந்தா மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அலுமினியத் தகட்டை நெம்பினேன். ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டு ஒரு துளி பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கசந்தது. அப்படி ஒரு கசப்பு. சோடா உப்பு இப்படிக் கசக்காது, சுண்ணாம்பு எரியும். இது மருந்துதான். அசல் மருந்து. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தொட்டியில் பதம் சரியாக வந்துவிட்டால் மேஸ்திரிக்கு ஒரு நிறைவு வருமே, அது மாதிரி நூறு பங்கு. மூடியை மறுபடி அமுக்கிவிட்டு, ஓடாத குறையாக நர்ஸ் அம்மாவிடம் போனேன்.

"சிஸ்டர், அசல் மருந்துதான். நானே பரிசோதிச்சுப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் கை நீட்டி வாங்கினார். மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"திறந்தீங்களா?"

"ஒரு துளிதான் சிஸ்டர். நாக்குல வச்சுப் பாத்தேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிகவும் மெல்லிய குரலில், "எதால திறந்தீங்க?" என்று கேட்டார். கத்தியைக் காட்டினேன். "இது எதுக்கு வச்சிருக்கீங்க?"

தோல் ஓரம் நறுக்குகிற கத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் எனக்கே புரிந்துவிட்டது. மண்டியில் காய்ந்த ஆட்டுத்தோல்களை நறுக்கின கத்தி. மகளுக்குத் துண்டு நறுக்கிக் கொடுத்ததும் அதே கத்திதான். எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோய் ஒட்டியிருக்கக் கூடிய கத்தியால் அந்த மருந்தின் மூடியைத் திறந்திருக்கிறேன். படித்த மனிதன்.

நர்ஸ் அம்மா குப்பியை மேசையில் வைத்தார். "ரத்தத்துல போற மருந்துய்யா இது. இனிமே இதை எந்தக் குழந்தைக்கும் போட முடியாது" என்றார். அதற்கப்புறம்தான் அவர் குரல் உடைந்தது. லுங்கிக்காரர் யார் என்றும் அப்போதுதான் சொன்னார். அவருடைய மனைவி எலும்பு க்ஷயத்தால் நாலு மாதமாகப் பக்கத்து வார்டில் கிடக்கிறாளாம். தட்டுப்பாட்டுக்குப் பயந்து ஜனங்கள் தேவைக்கு மேல் மருந்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். நோயாளி குணமானாலோ போய்விட்டாலோ அது வீட்டிலேயே கெட்டுப்போகிறது. அதைக் கேட்டு வாங்கி வந்து வேண்டியவர்களுக்குச் சேர்ப்பதுதான் இவர் வேலை. டாக்டரே கேட்டுக்கொண்டு செய்கிற வேலை. காலிக் குப்பிகளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கல்லில் அடித்து நொறுக்கிக் குழியில் புதைத்துவிடுவாராம், யாரும் எடுத்து நிரப்பி விற்கக் கூடாது என்று.

மூன்று நாள் அவரையே கவனித்தேன் என்று சொன்னேன் அல்லவா? பின்பக்கம் மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

லுங்கிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நர்ஸ் அம்மா குப்பியைக் காட்டி நான் செய்ததைச் சொன்னார். அவர் பெரிய மனது பண்ணிச் சிரித்துவிடவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"நாக்குல வச்சிப் பாக்க இது இன்னா ஆவாரம்பட்டத் தண்ணியா? அந்த வூட்டுக்காரம்மா கால்ல வுழாத கொறையா கெஞ்சி வாங்கியாந்தேன் சார். என் பொஞ்சாதிக்குன்னு கூட நான் அப்பிடி கெஞ்சனதில்ல. பேஜார் புடிச்ச ஆளா இருக்கீங்களே!"

என் மனைவி வார்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. நேராக லுங்கிக்காரர் முன்னால் வந்து நின்று, "அண்ணா, வேற எங்கனா இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வீடு. பத்து நாளைக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் அந்த வீட்டு ஆள் இறந்துபோனார். அவருக்கென்று வாங்கின பெனிசிலின் மூன்று குப்பி அந்த அம்மாவிடம் இருக்கிறது. இவர் இரண்டு தடவை போய்க் கேட்டும் கொடுக்கவில்லை. "செத்தவன் மருந்த கேட்டு வந்துட்டியா, வித்துத் தின்னவான்னு தொடப்பத்த எடுத்துக்கினு வந்துட்டாங்க" என்றார். "இன்னொருவாட்டி போறேன். குடுத்தா குடுக்கட்டும், அடிச்சா அடி வாங்கிக்கறேன்."

நர்ஸ் அம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் மூட்டையை எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இரண்டு மணி ஆயிற்று. மற்ற கட்டில்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் அம்மா எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனார். மூன்று மணி. நான்கு மணி. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் அம்மா வந்து மகளின் தாடைக்குக் கீழே விரலால் அளந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டரும் பார்த்துவிட்டுத் தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொன்னார். அவள் எச்சில் விழுங்கும்போது முகம் சுளிப்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் நாக்கில் அந்தக் கசப்பு போகவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். அவ்வளவு நடந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐந்து மணிக்கு மேல், அவர் திரும்பி வர மாட்டார் என்று நினைக்க ஆரம்பித்தேன். கோபத்தில் போனவர்தானே, எங்காவது உட்கார்ந்திருப்பார். கட்டிலுக்கடியில் இருந்த மூட்டையைக் காலால் நகர்த்திப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு ஓடமாட்டார் என்று அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. அவர் மேல் எனக்கு வந்த நம்பிக்கைகூட அவர் சரக்கு என் கைவசம் இருந்ததால் வந்ததுதான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வராந்தாவில் சத்தம் கேட்டது. முதலில் வந்தது லுங்கிக்காரர் அல்ல. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கழனி வேலையிலிருந்து அப்படியே கிளம்பியவள் போல முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது. கழுத்திலும் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. ஒரு மண் சட்டியைத் துணியால் வாய் கட்டி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பத்தடி தள்ளிப் பின்னால் லுங்கிக்காரர் வந்தார். "பஸ்ஸுல பக்கத்துல கூட குந்த வுடல சார். அந்தச் சட்டிய தொட்டா கைய ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அவள் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மருந்து கேட்டனுப்பனவரு யாரு?"

எழுந்து நின்றேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நான் மண்டியில் தோலைப் பார்க்கிற பார்வை அது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று இருக்குமோ என்று பிரித்துப் பார்க்கிற பார்வை. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நாக்குல வச்சிப் பாத்தவரு நீங்கதானா?"

லுங்கிக்காரர் வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "நான்தாம்மா" என்றேன்.

அவள் கட்டிலருகே போய் மகள் மேலிருந்த போர்வையை விலக்கினாள். கறுத்த புண்ணையும் வீங்கிய கழுத்தையும் பார்த்தாள். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "ஊரு இன்னாம்மா?" என்று மெல்லக் கேட்டாள். மகளால் பேச முடியவில்லை. என் மனைவிதான் ஆம்பூர் என்று சொன்னாள். அதற்கப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்து சட்டியின் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஈர மணல். மணலுக்குள் மூன்று குப்பிகள் கழுத்துவரை புதைந்து நின்றன. குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று டாக்டர் எப்போதோ சொன்னாராம். புருஷன் போன பிறகும் பத்து நாளாக அந்த மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மூன்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து நர்ஸ் அம்மாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "எங்கண்ணு முன்னாலயே போடுங்க சிஸ்டர்" என்றாள். எல்லோரையும் அதட்டுகிற நர்ஸ் அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, மூடியைத் துடைத்து, மருந்து கரைத்து, அவள் முன்னாலேயே ஊசி போட்டார். ஊசி உள்ளே போய் வெளியே வரும்வரை அவள் கண் இமைக்கவில்லை.

வீக்கம் அன்றைக்கு இறங்கிவிடவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஆனால் மேலே ஏறவில்லை. சனிக்கிழமை பார்சல் வந்தது. இரண்டு வாரம் கழித்து மகளை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிப்போனோம். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. கத்தி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அன்றே விட்டுவிட்டேன். நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பதையும் விட்டுவிட்டு, கண்ணாடிக் கருவியால்தான் பார்க்கிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆட்களை எடைபோட்டுப் பார்க்கிற புத்தி மட்டும் போகவில்லை, அது என்னோடுதான் போகும் போலிருக்கிறது. லுங்கிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், உங்களயாவது பரவால்ல, அந்தம்மா தொடப்பத்த எடுத்துச்சு" என்றார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தைத்தான். ஊசி போட்டு முடிந்ததும் அவள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தாள். வாசல்வரைக்கும் கூடப் போனேன். இவ்வளவு தூரம் அலையாமல் மருந்தை லுங்கிக்காரரிடமே கொடுத்தனுப்பியிருக்கலாமே அம்மா என்று கேட்டேன். அவள் காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்ன பதில், யாரையும் நம்ப முடியாமல் நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என்னை எழுப்பி நிறுத்துகிறது: "அவர நம்பல, அந்தக் காயிதத்த நம்பல, உங்களையும்தான் நம்பல அண்ணா. அதுக்குன்னு ஒரு கொழந்தைய வுட்டுட முடியுமா? அதான் நானே எடுத்துக்கினு வந்துட்டேன்."